விரும்பியதும் வாய்த்ததும்

முத்துராணி பாளையங்கோட்டையில் ஒரு மாத இதழின் துணையாசிரியர். நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. நாட்டில் பிறப்பு குறைந்துகொண்டே போவதைப் பற்றி ஒரு கட்டுரை போடலாம் என்று சொன்ன ஆசிரியர் ஞானசம்பந்தன், மும்பையில் மக்கள்தொகை ஆய்வு செய்யும் செந்தில்முருகனின் பெயரையும் அவரே சொன்னார். நம்ம அம்பாசமுத்திரத்து ஆள்தான், நீயே பேசிரு என்றார். அவளும் செந்திலும் ஒரு காலத்தில் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தது அவருக்குத் தெரியாது.

செந்திலுக்கு மும்பையில் வேலை கிடைத்த அதே மாதத்தில் முத்துராணியின் அம்மா வாதம் வந்து படுத்துவிட்டாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா என்று அவன் சொன்னான். மொழி தெரியாத ஊருக்கு வரமாட்டேன் என்று அம்மா அழுதாள். கொஞ்சம் பொறு என்றாள் முத்துராணி. அவன் வருஷக்கணக்காகப் பொறுத்தான். பிறகு வீட்டில் பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டான். அதில் அவன்மேல் அவளுக்குக் குறை எதுவும் இல்லை. அம்மா இறந்தது போன வருஷம்.

அவள் போன் செய்தபோது இருவருமே ‘நீங்க’ என்றுதான் பேசினார்கள். அவனும் சொன்ன நாளில் கட்டுரையை அனுப்பிவிட்டான்.

‘தேய்ந்துபோகும் தேசம்’ என்று ஞானசம்பந்தன் அதற்குத் தலைப்பு வைத்தார். முத்துராணி ஒத்துக்கொள்ளவில்லை. ஜனம் இன்னும் கூடிக்கொண்டுதான் இருக்கிறது, குறையத் தொடங்க வருஷங்கள் ஆகும், படிக்கிறவர்களை எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்று வாதாடினாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே அந்தத் தலைப்பை அடித்துவிட்டு வேறு வைத்தார். ஆனால் கட்டுரையில் ஒரு வரி அவளுக்கே உறுத்தியது. ‘குறைவாகப் பெற்றுக்கொள்வது என்று பெண்கள் தாங்களே முடிவெடுத்தார்கள்.’ அதை மாற்ற முடியுமா என்று செந்திலிடம் கேட்டாள். அண்ணன் கட்டிய புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு ஊருக்கு வருகிறேன், நேரில் பேசலாம் என்றான்.

பாபநாசம் கோயிலுக்கு எதிரே படித்துறையில் உட்கார்ந்தார்கள். காதோரம் அவனுக்கு நரைத்திருந்தது. ஒரு குடும்பம் ஆற்றில் பொரி போட, மீன்கள் மொய்த்தன.

அவன் தன் பக்கத்தை நிதானமாக விளக்கினான். வீழ்ச்சி, ஆபத்து என்று எழுதினால் மறுநாளே யாராவது மேடையேறி, இன்னும் பிள்ளை பெறுங்கள் என்பார்கள். பழி பெண்கள் தலையில்தான் விழும். அவர்கள் முடிவு என்று எழுதுவதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை. அவன் சொன்னதில் அவளால் குறை காண முடியவில்லை. தன் அம்மாவுக்கு அந்த முடிவெடுக்கும் உரிமை இருந்ததில்லை என்பதும் அவளுக்கு நினைவு வந்தது.

“நீங்க சொல்லுதது சரிதான்,” என்றாள். “ஆனா எல்லாரும் முடிவெடுத்துத்தானா இப்படி ஆச்சு? காத்துக்கிட்டே இருந்து வயசு போனவங்கள எந்தக் கணக்குல வைக்கீங்க?”

அதற்கும் ஆய்வில் இடம் உண்டு என்றான் அவன். எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்று நினைத்தீர்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று இரண்டு கேள்வி கேட்பார்கள். இரண்டு பதில்களுக்கும் நடுவில் பல இடங்களில் இடைவெளி இருக்கிறது. கட்டுரையில் பக்கம் போதாது என்று அதை விட்டுவிட்டானாம்.

“என்கிட்ட அத யாரும் கேக்கல,” என்றாள் முத்துராணி.

அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பக்கம் திரும்பி, “நீ எத்தன நெனச்சிருந்த?” என்றான்.

“ரெண்டு.”

சொன்ன பிறகுதான், இதுவரை ஒருவரிடமும் அதைச் சொன்னதில்லை என்று உணர்ந்தாள். அழுகை வரவில்லை. அந்த இரண்டு பேரும் எப்படி இருந்திருப்பார்கள் என்று மட்டும் ஒரு கணம் தோன்றியது. முகம் எதுவும் மனதில் வரவில்லை.

“எங்களுக்கும் ரெண்டுதான் ஆசை,” என்றான் அவன். “ஒரு பொண்ணோட நின்னு போச்சு. வாடகை, வேலை, பாத்துக்க ஆளில்ல... நாங்க எடுத்த முடிவுன்னுதான் சொல்லிக்கிடுதோம்.”

அவன் மகளைப் பற்றிக் கேட்டாள். ஏழாவது படிக்கிறாள், நீச்சலில் கெட்டிக்காரி என்று சொல்லும்போது அவன் முகம் மலர்ந்தது. அது முத்துராணிக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, தாங்க முடியாததாகவும் இருந்தது.

படித்துறையிலேயே இருவரும் சேர்ந்து அந்த வரியைத் திருத்தினார்கள். ‘பலர் குறைவாகப் பெற்றுக்கொள்ள முடிவெடுத்தார்கள். வேறு பலர் விரும்பினார்கள், வாய்க்கவில்லை. பிறப்பு குறைந்ததில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.’ ‘வாய்க்கவில்லை’ என்ற சொல் ஆய்வுக்குப் பொருந்தாது என்று முதலில் தயங்கினான். பிறகு, இருக்கட்டும் என்றான்.

திரும்பும்போது இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள்; அம்பாசமுத்திரத்தில் அவன் இறங்கினான். “போய்ட்டு வாரேன் ராணி,” என்றான். அவள் தலையாட்டினாள்.

இதழ் வெளிவந்தது. நாடு சரிவதை மழுப்பியிருக்கிறீர்கள் என்று ஒரு வாசகர் திட்டினார். பிள்ளை பெறாததைச் சோகமாக்கிவிட்டீர்கள் என்றார் இன்னொருவர். இரண்டையும் அடுத்த இதழில் போட்டுவிடலாம் என்றார் ஞானசம்பந்தன். முத்துராணி சரி என்றாள். அன்று சாயங்காலம் வேலை முடிந்தும் அவள் உடனே வீட்டுக்குப் போகவில்லை. வண்ணார்பேட்டைப் பாலத்தருகே பஸ்ஸை விட்டு இறங்கி, பாபநாசத்திலிருந்து வரும் அதே ஆற்றைப் பார்த்துக்கொண்டு, இருட்டும்வரை நின்றாள்.