வலக்கை என்று எழுதிய படிவம்

எங்கள் ஆஸ்பத்திரியில் கை ஸ்கேன் எடுப்பவன் நான். டயாலிசிஸுக்கு ஊசி குத்த வசதியாக ஒரு கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைப்பார்கள். எந்தக் கை என்பதற்குப் படம் என்னிடமிருந்து போக வேண்டும். சர்ஜன் படத்தைப் பார்ப்பார், படிவத்தைப் பார்ப்பார், அதிகம் வேலை செய்யாத கையாகத் தேர்ந்தெடுப்பார். ஆளைப் பார்ப்பது அபூர்வம்.

அன்று வந்து படுத்தவர் பதினோரு வருஷமாக எனக்கு முடி வெட்டுகிறவர். தெருவில் எல்லோருக்கும் அவர் பீச்சாங்கையார். இடது கையில் கத்தரி பிடித்தாரென்றால் வலது கைக்காரர்கள் பக்கத்தில் நிற்க முடியாது. சர்க்கரை அவருடைய கிட்னியைத் தின்று முடித்திருந்தது. கழுத்தில் செருகிய குழாயில் இரண்டு முறை சீழ் பிடித்து, இரண்டாவது முறை ஆள் பிழைத்ததே பெரிது.

வலது கையில் ஜெல்லைத் தடவினேன். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ரத்தக்குழாயின் சுவரெல்லாம் சுண்ணாம்பு, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகிற மாதிரி. தைத்தாலும் ஓடாது. இடது கை பரவாயில்லை, அங்கங்கே சில பொட்டுகள்தான்.

படிவத்தைப் புரட்டினேன். 'பழக்கமான கை: வலது' என்று இருந்தது.

கவுன்டரில் இருந்த பெண் எந்தக் கையால் கையெழுத்துப் போடுவீர்கள் என்று கேட்டாளாம். வலது என்றாராம். வாத்தியார் விரல் முட்டியில் அடித்து அடித்துப் பழக்கிய கை அது. கையெழுத்தைத் தவிர வேறெதற்கும் உதவாது.

திருத்துவதற்குப் பேனாவை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, வலது ஓடுமா என்று கேட்டார். ஓடாது என்றேன். இடது ஓடும், ஆனால் ரத்தம் புது வழியிலேயே போய்விட்டால் விரல்கள் சில்லிட்டு மரத்துப்போகலாம் என்றேன். இடதுதான் கத்தரி பிடிக்கிற கை என்று சர்ஜனிடம் சொன்னால் யோசிப்பார், தள்ளிப்போடுவார், அதுவரை கழுத்துக் குழாய்தான் என்பதையும் சொன்னேன்.

"அப்ப எழுதினது எழுதினபடியே இருக்கட்டும்," என்றார். "நீங்களும் வாயைத் திறக்காதீங்க."

பேனாவை மூடி வைத்தேன். தப்புதான். படம் சரியாக இருக்கிறது, நமக்கென்ன வந்தது என்று சொல்லிக்கொண்டேன். இந்த ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்கு அப்படித்தான் பொழுது போகிறது.

இடது கையில் தையல் பிரமாதமாக அமைந்தது. ஆறு வாரத்தில் அவர் கையில் விரல் வைத்தால் உர்ரென்று அதிர்ந்தது. சர்ஜன் மற்ற டாக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். மூன்றாம் மாதம் விரல்கள் மரத்துப்போயின. வேலை செய்யாத கைதான், பொறுத்துப் பார்க்கலாம் என்று சர்ஜன் எழுதிவைத்தார். அதைப் படித்தபோது அவர்மேல் கோபம் வந்தது, பிறகு என்மேல்.

சனிக்கிழமை கடைக்குப் போனேன். நாற்காலி காலியாக இருந்தது. வாடிக்கையெல்லாம் எதிர்க் கடைக்குப் போய்விட்டதாக அவர் மனைவி சொன்னார்.

"வலது கையில பழகிட்டு இருக்காருண்ணே. தலையைக் குடுக்கத்தான் ஆள் இல்ல."

போய் உட்கார்ந்தேன். பீச்சாங்கையார் என் கழுத்தில் துணியைக் கட்டவே ஐந்து நிமிஷம் ஆயிற்று. கத்தரி வலது கையில் திக்கித் திக்கி நகர்ந்தது. காதில் ஒரு கீறல் விழுந்தது, நான் அசையவில்லை. இடது கை அவர் இடுப்போடு ஒட்டிக் கிடந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணாடியைப் பின்னால் பிடித்தார்.

"இந்த வாட்டி மறைக்காம சொல்லுங்க. எப்படி இருக்கு?"

ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, எலி கடித்த மாதிரி இருந்தது.

"கண்றாவியா இருக்கு," என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். முகத்தில் வருத்தமில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரச் சொன்னார்.

ஏழு வாரமாகப் போகிறேன். முடி வளரத்தான் நேரமில்லை.