டோக்கன் அக்கா வரைந்தது

அந்த பிசியோதெரபி நிலையத்தில் வருகிறவர்களுக்கு எண் போட்ட சீட்டைக் கொடுத்து உட்கார வைப்பது அவள் வேலை. அதனால் எல்லோருக்கும் அவள் டோக்கன் அக்கா. வயது நாற்பத்து நான்கு. பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படம் போடுவாள்; பிறகு விட்டுப்போயிற்று. பிறந்தநாளுக்கு மகள் கெட்டி அட்டை போட்ட ஓவிய நோட்டு வாங்கிக் கொடுத்து, தினம் ஒரு பக்கம் வரைய வேண்டும் என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னாள்.

வெள்ளைத் தாளைப் பார்த்தாலே கை ஓடவில்லை. என்னத்தை வரைவது? மகளே ஒரு பட்டியல் எழுதி நோட்டில் செருகி வைத்தாள்: கைப்பையில் இருப்பது, ஜன்னலுக்கு வெளியே தெரிவது, வீட்டிலேயே மிகப் பழைய பொருள். சாவிக்கொத்து, செருப்பு, மடக்குக் குடை என்று வரைந்தாள். குடையைப் பார்த்த கணவர், கத்தரிக்காய் நன்றாக வந்திருக்கிறது என்றார். அப்படியானால் பழைய பொருளுக்கு அவரையே உட்கார வைக்கட்டுமா என்று இவள் கேட்டாள். பத்துப் பக்கத்தில் அலுத்துவிட்டது.

ஒருநாள் காலை, காத்திருக்கும் கூடத்தில் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். இரண்டே நிமிடத்தில் அவரை வரைந்துவிட்டாள். அங்கே பயிற்சி கொடுக்கும் பிசியோ தம்பி எட்டிப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அதன்பின் எதை வரைவது என்ற கவலையே இல்லை. நாற்காலி நிறைய ஆட்கள். கழுத்துப் பட்டை போட்டவர் ஒட்டகச்சிவிங்கி ஆனார். முழங்கால் வலிக்காரர் கதவு இடுக்கில் மாட்டிய யானை ஆனார். தினமும் மதியம் பிசியோ தம்பி வந்து, இன்றைக்கு யார் மாட்டினார்கள் என்று கேட்பான். அந்தச் சிரிப்புக்காகவே அவள் வரைந்தாள். செய்வது சரியில்லை என்று உள்ளுக்குள் தெரியாமலும் இல்லை. யாராவது மேஜைப் பக்கம் வந்தால் நோட்டின்மேல் வருகைப் பதிவேட்டை இழுத்து வைத்துக்கொள்வாள்.

செவ்வாயும் வெள்ளியும் ஒரு தம்பதி வருவார்கள். அவர் லாரி ஓட்டியவர். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. மனைவி அவர் இடுப்பை அணைத்துக் கூட்டி வருவார். தோளில் துண்டு, தண்ணீர், மாற்றுத்துணி, கோப்பு என்று பைகள். டோக்கன் அக்கா லாரிக்காரரை ஒற்றைக் காலைத் தூக்கிய கொக்காக வரைந்தாள். பின்னால் இரண்டு கால் முளைத்த பைக் குவியல் ஒன்று நடந்தது. அடியில், ‘கொக்கும் குடித்தனமும்’ என்று எழுதினாள். அந்தத் தலைப்பில் அவளுக்குப் பெருமை வேறு.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பழைய கோப்பைத் தேடி உள்ளறைக்குப் போனவள் திரும்பி வந்தபோது, கையெழுத்துப் போடப் பதிவேட்டை இழுத்த லாரிக்காரரின் மனைவி, அடியில் இருந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

“இது அவருதானே?”

டோக்கன் அக்கா கையிலிருந்த கோப்பை மேஜைமேல் வைத்தாள்.

“காலை அப்படித்தான் தூக்குறாரு. சரியாத்தான் போட்டிருக்கீங்க.” விரல் பைகளுக்கு நகர்ந்தது. “இது நானா?”

“சும்மா... விளையாட்டுக்குத்தான் அக்கா...”

“எட்டு மாசமா வாரத்துக்கு ரெண்டு நாள் உங்க முன்னாடிதாம்மா வந்து நிக்கிறேன். மூஞ்சியே போடலையே.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. எதிரில்தான் நிற்கிறார்; நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்க்க டோக்கன் அக்காவால் முடியவில்லை. அந்த அம்மாள் நோட்டை மூடி, பதிவேட்டை மறுபடி அதன்மேல் வைத்தார்.

“அவரு கண்ணுல படாம வைங்க. இப்பத்தான் கண்ணாடியில தன்னைப் பாக்க ஆரம்பிச்சிருக்காரு.”

மதியம் பிசியோ தம்பி வழக்கம்போல் வந்து கேட்டான். அவன்மேல் எரிந்து விழுந்தாள். அவன் ஒன்றும் புரியாமல் போனான். வரைந்தது அவள், திட்டு வாங்கியது அவன் என்பதும் சேர்ந்து உறுத்தியது. கழிவறைக்குள் போய், கேலிப் படம் போட்ட பதினோரு பக்கங்களைக் கிழித்தாள். சாயங்காலம் மகள் நோட்டைக் கேட்டபோது, தண்ணீர் கொட்டிவிட்டதென்று பொய் சொன்னாள். சோறு இறங்கவில்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளதைச் சொன்னாள். மகள் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தாள். அவள் எழுந்து போய் அம்மாவின் தட்டைக் கழுவினாள், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை, கணவரை உள்ளே அனுப்பிவிட்டு அந்த அம்மாள் தனியாக இருந்தபோது, டோக்கன் அக்கா மேஜையை விட்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தப்பு செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றாள். அவர் சரி என்றார். அதோடு அவள் எழுந்து போயிருக்கலாம்.

“ஒரே ஒரு தடவை உங்களை ஒழுங்கா வரைஞ்சு தரட்டுமாக்கா?”

“வேணாம்மா. உங்க மனசு ஆறணும்னா அதுக்கும் நான்தான் உக்காந்து காட்டணுமா?”

டோக்கன் அக்கா எழுந்து மேஜைக்குப் போய் அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.

மழைக்காலம் வரை அவர்கள் வந்தார்கள். அந்த அம்மாள் சீட்டை வாங்கிக்கொள்வார். வேறு பேச்சு இல்லை. டோக்கன் அக்கா இப்போது கேட்டுவிட்டுத்தான் வரைகிறாள். சிலர் மறுக்கிறார்கள். கணுக்கால் பிசகிய ஒரு தையல்காரர் மட்டும், சட்டைக் காலரைச் சரியாகப் போடுங்கள் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். அவர் முகத்தை முடிக்க நான்கு நாள் ஆயிற்று.

அவர்கள் வந்த கடைசி நாளன்று லாரிக்காரர் யாரும் பிடிக்காமல் வாசல் வரை நடந்தார். மனைவி பிசியோ தம்பிக்கு நன்றி சொன்னார். அவர்கள் மேஜையைக் கடக்கும்போது டோக்கன் அக்கா எழுந்து நின்றாள். அந்த அம்மாள் தலையை லேசாக அசைத்தார். விடைபெற்றாரா, வழி கேட்டாரா என்று தெரியவில்லை. டோக்கன் அக்கா நகர்ந்து வழிவிட்டாள்.