வரியோடு வரி

1.

இந்தக் கதை ஒரு தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து வந்தது. என் சொந்தக் கற்பனை என்று புளுக விருப்பம்தான். ஆனால் விமலராணி வாசிப்பாள். வாசித்தால் என்னை உயிரோடு விடமாட்டாள்.

அவள் சிசிலித் தீவின் பலேர்மோ நகரத்தின் நடுவில், பொலித்தெயாமா அரங்குக்குப் பக்கத்தில், கண் மங்கிய ஓர் இத்தாலிய மூதாட்டியை, சின்யோராவைப் பார்த்துக்கொள்கிறாள். அந்த வீட்டிலேயே தங்கி வேலை. பிள்ளைகுட்டி இருக்கக் கூடாது, உண்டா என்று சின்யோராவின் மகள் முதல் நாளே கேட்டாள். இல்லை என்று விமலராணி தலையாட்டினாள். அந்த இல்லாத பிள்ளையின் பெயர் மொனிகா. நாலு வயது. அதே நகரத்தின் போர்கோ வெக்கியோவில், என் அறையில், என் கட்டிலில் குறுக்கே படுத்து என்னை உதைக்கிறாள்.

போன கிழமை ஒரு பின்னேரம் சின்யோரா பெட்டியைப் போட்டுவிட்டு, "என்ன காட்டுகிறார்கள், சொல்லு" என்றாளாம். விமலராணிதான் அவளுக்குக் கண். வெயிலில் ஒரு புல்வெளி, புற்றுகள், நீண்ட மூஞ்சியோடு ஒரு மிருகம்.

2.

முதல் தொடக்கம்: ‘செதில் போர்த்த எறும்புதின்னி ஒன்று புல்வெளியில்...’

[நிறுத்தம். விமலராணி சண்டைக்கு வந்துவிட்டாள்.]

"அக்கா, உங்களுக்கென்ன விசரே? செதில் உள்ளது அழுங்கு. அது எங்கட மன்னார்க் காட்டிலை. இது மயிர் உள்ளது, வால் தும்புத்தடி மாதிரி."

"ரெண்டும் எறும்புதானே தின்னுது?"

"நீங்களும் நானும் சோறுதானே தின்னுறம்? அதுக்காக ஒராளே?"

தமிழில் எறும்புதின்னி என்றால் இரண்டும் அகப்படும். அழுங்கு பயந்தால் குட்டியை வயிற்றோடு அணைத்து உருண்டையாகச் சுருளும். கடித்துத் திறக்க முடியாது. ஆனால் உருண்டையை ஒரு மனிதன் அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

தென்னமெரிக்காவின் இந்த மயிர்க்காரி சுருள்வதில்லை. நகம் தேயாமல் மடக்கி, விரல்முட்டியில் நடப்பாள். புற்றைக் கிழித்து, நாக்கை விட்டுக் கொஞ்சம் தின்று, எறும்புகள் படை திரட்டி வருமுன் அடுத்த புற்றுக்குப் போய்விடுவாள். புற்று பிழைத்துக்கொள்ளும். தூங்கும்போது சொந்த வாலையே போர்த்துக்கொள்வாள். கண் அவ்வளவு தெரியாது, மூக்கு மகா கூர்மை. (இந்த மூக்கை மறந்துவிடாதீர்கள்.)

குட்டி முதுகில். தாயின் தோளில் ஒரு கறுப்பு வரி, குட்டிக்கும் அதே வரி. குட்டி ஏறிப் படுத்தால் வரியோடு வரி சேர்ந்துவிடும். தூரத்தில் பதுங்கியிருக்கும் வேட்டை மிருகத்துக்கு ஓர் உருவம்தான் தெரியும்.

சின்யோரா திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய், "ஒன்றுதானே நிற்கிறது" என்றாளாம். "தூயே, சின்யோரா, தூயே." இரண்டு, இரண்டு என்றிருக்கிறாள் விமலராணி.

3.

இன்று ஞாயிறு. நாளை முதல் கோடை முடியும்வரை எனக்கு மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தில் தங்கி வேலை. மொனிகாவை வைத்திருக்க வேறு ஆளில்லை. அதனால் நாளைக்கு அவளை வேறோர் ஊரில், கன்னியர்மட சிஸ்டர்மாரின் விடுதியில் விடவேண்டும். மாதத்தில் ஒருமுறை தாய் போய்ப் பார்க்கலாம். நல்ல சிஸ்டர்மார்தான், பால் கொடுப்பார்கள், பாட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள். இருந்தும் அவள் உடுப்புகளை நான் இன்னும் அடுக்கவில்லை.

4.

விமலராணி விடுதிக்கு ஒப்பவில்லை. பிள்ளையைச் சின்யோராவின் வீட்டுக்குள்ளேயே ஒளித்து வைத்திருப்பாளாம். தன் வேலை உடுப்புகளில் பழைய ஒன்றை வெட்டி மகளுக்குச் சட்டை தைத்துவிட்டாள். இரண்டிலும் அதே நீல வரி. இன்று மத்தியானம் என் கண்ணாடிக்கு முன்னால் பிள்ளையை முதுகில் ஏற்றிக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பாருங்கோ அக்கா, வரி சேருதே?"

இடது தோளில் கொஞ்சம் விலகியிருந்தது. ஊசி குத்திச் சரிப்படுத்தினேன்.

"எவ்வளவு காலத்துக்கடி இப்பிடி ஒளிப்பாய்?"

"குட்டி இறங்கி நடக்கும்வரைக்கும்."

பிறகு ஒத்திகை. "பிள்ளை, எத்தினை பேர் எண்டு ஆரும் கேட்டால்?"

"ஊனா!" என்று கத்தினாள் மொனிகா, சிசிலிக்காரி மாதிரி இழுத்து. ஒன்று.

"ஐயோ, நீ வாயே திறக்கக் கூடாது!"

"ஓம் அம்மா. ஊனா."

படியிறங்கும்போது விமலராணி திரும்பிப் பார்த்தாள். "அக்கா, கதை எழுதுறன் எண்டு எங்களைப் பிடிச்சுக் குடுத்திடாதையுங்கோ."

5.

போய்விட்டார்கள். இனி எழுதுவதெல்லாம் நான் பார்க்காதது.

முடிவு, அழுங்கு வழி: சின்யோராவின் மகள் வந்திருக்கிறாள். பார்த்துவிடுகிறாள். விமலராணி பிள்ளையை வயிற்றுக்குள் இழுத்துச் சுருள, அந்த உருண்டையை அப்படியே தூக்கி வெளியே

[முடிக்க மாட்டேன்.]

முடிவு, மயிர்க்காரி வழி: கம்பளம் புல்லாக வளர்கிறது. நாற்காலிகள் புற்றுகளாக எழும்புகின்றன. விமலராணி மெத்தென்று நடக்கிறாள், மொனிகா தாயின் கூந்தலைப் போர்த்துக்கொண்டு தூங்குகிறாள். கோடைகள் வந்து போகின்றன, ஒருவரும் காணவில்லை. வடிவான முடிவு. எழுதிவிட்டு அழுதேன். ஒருவர் கண்ணிலும் படாமல் ஒரு பிள்ளை வளர்வது என்ன சீவியம்?

6.

கடைசியாக இது. காலையில் மொனிகாவின் தலையில் தேங்காயெண்ணெயை அள்ளி வைத்தவள் நான்தான், அறிவு கெட்டவள்! சின்யோராவுக்குக் கண்தான் இல்லை. அவள் மூக்கை உயர்த்துகிறாள்.

"விமா, எத்தனை பேர் நிற்கிறீர்கள்?"

விமலராணி முதுகுக் கட்டை இறுக்குகிறாள். போன கிழமை "தூயே" என்ற அதே வாய்தான். இன்று திறக்கவில்லை.

முதுகிலிருந்து ஒரு குரல்:

"ஊனா!"

சின்யோராவின் கை எழும்புகிறது. அந்தத் தலையைத் தடவவா, மகளை அழைக்கத் தொலைபேசியை எடுக்கவா? எனக்குத் தெரியாது. அவர்கள் உடுப்பில் இருப்பதும் வரி, நான் எழுதுவதும் வரி. இதற்குள் நிற்கும்வரை இருவரும் ஒராள். முற்றுப்புள்ளி வைத்தால் திங்கட்கிழமை வந்துவிடும், அதனால் நான் வைக்கவில்லை. கையை நீங்கள்தான் இறக்கவேண்டும். மெல்ல இறக்குங்கோ, பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாள், அந்தக் கை இப்போது