வெள்ளிக்கிழமைச் சாட்சி

ஜெயமணியின் தாலியைத் தாசையாவே கழற்றினான். கட்டியவனே கழற்றும்போது யாரிடம் போய் முறையிடுவது? எழுபத்தாறில் பஹ்ரைனின் மனாமாவுக்கு அவளை அழைத்து வந்தபோது நன்றாகத்தான் இருந்தான். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் போகத் தொடங்கினான், ஆளே மாறிவிட்டான். நகை போடுவது பாவம் என்றான். கம்மல் போயிற்று, வளையல் போயிற்று, பூப்போட்ட சேலைகள் போயின. கடைசியில் சிலுவை பதித்த அந்தத் தாலியும், அவளுடைய பாஸ்போர்ட் கிடந்த இரும்புப் பெட்டிக்குள் போயிற்று. சாவி அவன் இடுப்பில்.

மறுநாள் வெள்ளைச் சேலையும் வெறுங்கழுத்துமாக அவளைப் பார்த்த பக்கத்து ஃபிளாட் ஷியாமளா, "ஐயோ, சாருக்கு என்ன ஆச்சு?" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள். சார் உள்ளே தோசை தின்றுகொண்டிருந்தார். ஜெயமணிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அடுத்த மாதம் நாசரேத்தில் அவள் தங்கைக்குக் கல்யாணம். அம்மா முகத்தைப் பார்த்து இரண்டு வருஷமாகிறது.

"ஊருக்குப் போவோமாங்க?" பயந்து பயந்துதான் கேட்டாள்.

"போவோம். ஆனா நகையெல்லாம் நான் பிடுங்கிட்டேன்னு கூட்டத்துல பேசுதாவ. நீயா மனசாரக் கழட்டுனேன்னு வெள்ளிக்கிழமை எந்திச்சுச் சாட்சி சொல்லிரு. டிக்கெட் போட்டுருவோம்."

பொய். அதுவும் ஆண்டவர் சந்நிதியில். இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டி திறக்க வேறு வழியும் இல்லை.

வெள்ளிக்கிழமை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"யாரும் சொல்லல. நானாத்தான் கழட்டுனேன். இப்போ நகையைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பா இருக்கு" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஆவியானவர் தொட்டுவிட்டார் என்று பெண்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

வாரம் முழுக்கக் கம்பெனி ஸ்டோரில் ஆணியும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற பாஸ்டர் பூரித்துப்போனார். கல்யாணத்துக்கு ஊருக்குப் போவதைத் தாசையா அவரிடம் முன்பே சொல்லியிருந்தான். "பிரதர், சகோதரி இவ்வளவு உறுதியா நிக்கும்போது, பட்டும் பொன்னுமா மின்னுற கல்யாண வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் ஏன் சோதனைக்குள்ள தள்ளணும்?"

தாசையா ஒரு கணம் அவளைப் பார்த்தான். "அவளே அருவருப்புன்னு சொல்லிட்டாளே பாஸ்டர். நாங்க போகல."

கூட்டம் ஆமென் என்றது. 'எனக்குப் போகணும்' என்று கத்த அவள் வாய் துடித்தது. கத்தினால், சற்றுமுன் ஆண்டவர் பெயரால் சொன்னது என்னாவது? பக்கத்திலிருந்த அம்மாள் முழங்கையால் இடித்து, "ஆமென் சொல்லு தங்கச்சி" என்றாள்.

ஜெயமணி ஆமென் சொன்னாள்.