பத்து வீட்டு வெண்டை

பஞ்சம்மாளுக்குச் சம்பளம் வேண்டாம், சேலை வேண்டாம்; ‘டீச்சர்’ என்று ஒருத்தி கூப்பிட்டால் போதும். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தீக்குச்சி அடுக்க உட்கார்ந்தவளுக்கு முப்பத்தைந்து வயதில் இப்படி ஓர் ஆசை. வீட்டுத்தோட்டம் சொல்லிக்கொடுக்கத் தொண்டர்கள் வேண்டும் என்று யூனியன் ஆபீசிலிருந்து தண்டோராப் போட்டதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டாள்.

“சம்பளமில்லாத வாத்தியார் வேலைக்கு மூணு நாளு முகாமா?” என்று சிரித்தான் அவள் புருஷன் கருப்பணன்.

“சோறு ஆக்கி வச்சிருக்கேன், பேசாம சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு அவள் சிவகாசி பஸ் ஏறினாள்.

முகாமின் கடைசி நாளில், அதை நடத்திய கிராம சேவிகா அம்மா கண்டிப்பாகச் சொன்னாள்: “ஏழாயிரம்பண்ணையில உங்க தெருவுல பத்து வீட்டுக்காரங்களுக்குச் சொல்லிக்கொடுங்க. இருபது நாள்ல வந்து பார்ப்பேன். சரியா இருந்தாத்தான் சான்றிதழ்.”

சங்கடம் அந்தத் தெருவில்தான் இருந்தது. வீட்டுக்கு வீடு தீப்பெட்டிக் கம்பெனியின் குச்சி அடுக்கும் கட்டைகள். கட்டை முழுக்கக் கண்கள். கண்ணுக்கு ஒரு குச்சி சொருக வேண்டும். ஒரு கண் காலியாக இருந்தாலும் கட்டை திரும்பி வந்துவிடும். இருபது வருஷமாக இதையே செய்த விரல்களிடம் போய், முழத்துக்கு ஒரு வெண்டை விதை என்று சொன்னாள் பஞ்சம்மாள். எல்லாரும் பவ்யமாகத் தலையாட்டினார்கள். அவள் தண்ணீர் மொண்டு வருவதற்குள் முகாமில் கொடுத்த இரண்டு படி விதையும் தீர்ந்திருந்தது. குச்சி கனத்துக்கு ஒரு விதை, கயிறு பிடித்தது மாதிரி வரிசை.

“முழத்துக்கு ஒண்ணுன்னு சொன்னேனா இல்லையா?”

“அம்புட்டு இடம் சும்மா கெடந்தா கம்பெனியில திருப்பி அனுப்பிருவாகளே பஞ்சு” என்றாள் எதிர்வீட்டுச் சண்முகத்தாய்.

“இது கம்பெனி இல்ல ஆத்தா, தோட்டம்!”

“எதுவா இருந்தா என்ன? வேலை சுத்தமா இருக்கணும்ல.”

ஒரு வாரத்தில் முளைத்தது. நெருக்கியடித்துக்கொண்டு முளைத்தது. பஞ்சம்மாள் பத்து வீட்டுக்கும் போய் ஒன்று விட்டு ஒன்றாகப் பிடுங்கிப் போட்டாள். மறுநாள் விடிந்து பார்த்தால் ஒரு இடம் காலியில்லை. பிடுங்கிப் போட்டதை எல்லாம் பழையபடி நட்டு, தண்ணீரும் தெளித்திருந்தார்கள். திரும்பவும் பிடுங்கினாள். திரும்பவும் நட்டார்கள். ஒருத்தியைத் திட்டினால், காலியைப் பார்த்தால் கை சும்மா இருப்பதில்லை என்று அழுகிறாள். என்ன செய்ய? இவர்களை வைத்துக்கொண்டு சான்றிதழ் வாங்கின மாதிரிதான் என்று பஞ்சம்மாளுக்கும் அழுகை வந்தது.

இருபதாம் நாள் சேவிகா அம்மா குடையும் நோட்டுமாக வந்து இறங்கினாள். சாண் உயரத்துக்குப் பாய் விரித்ததுபோல நின்ற வெண்டையைப் பார்த்து அவள் வாயைத் திறப்பதற்குள் ஒரு தூறல் விழுந்தது.

“மழை!” என்றது ஒரு குரல்.

பெட்டியும் குச்சியும் காயப்போடுகிற தெருவில் அந்தச் சொல்லைக் கேட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள், கால்தான் யோசிக்கும். சாக்கு, ஓலைப்பாய், யார் வீட்டு வேட்டியோ ஒன்று, எல்லாம் பறந்து வந்தன. கண் மூடித் திறப்பதற்குள் பத்து வீட்டுத் தோட்டமும் ஒரு சொட்டு நனையாமல் மூடப்பட்டுவிட்டது. ஏழு மாசத்துக்கப்புறம் பெய்கிற மழை. முதல் ஆளாகச் சாக்கோடு ஓடியவள் பஞ்சம்மாள்.

“யாரு இப்படிச் சொல்லிக்கொடுத்தது?” என்று சேவிகா அம்மா கத்தினாள்.

சண்முகத்தாய் நனைந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு பெருமையாகச் சொன்னாள்: “எங்க டீச்சரம்மாதான்!”

பத்துப் பேரும் ஆமாம் போட்டார்கள். இருபது நாளாக ஒருத்தி வாயிலும் வராத சொல், வரக் கூடாத நேரம் பார்த்து வந்து நிற்கிறது.

சேவிகா அம்மா இரக்கமுள்ளவள்தான். குடையைப் பஞ்சம்மாள் பக்கம் சாய்த்துக்கொண்டு, “முகாம்ல நீங்க நல்லாக் கேட்டுக்கிட்டீங்க, எனக்குத் தெரியும். இவங்களாச் செஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அப்படியே எழுதிக்கிறேன். சான்றிதழ் உண்டு” என்றாள்.

பஞ்சம்மாள் தெருவைப் பார்த்தாள். டீச்சரம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று பத்துப் பேரும் மழையில் நின்றார்கள்.

“இல்லம்மா. எல்லாம் நான் சொல்லிக்குடுத்ததுதான்.”

சேவிகா அம்மா நோட்டில் அவள் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

“இனி என்ன செய்யணும் டீச்சர்?” என்று கேட்டாள் சண்முகத்தாய்.

“சாக்க எடுங்க, செடி நனையட்டும். பெறகு ஒண்ணு விட்டு ஒண்ணு பிடுங்குங்க. திரும்ப நடக் கூடாது.”

மறுபேச்சில்லாமல் பிடுங்கினார்கள். பிடுங்கிய செடிகளை நூறு நூறாக எண்ணி, தலை ஒரு பக்கமாக அடுக்கிக் கட்டினார்கள். அதைப் பஞ்சம்மாள் டீச்சர் பார்த்தும் பார்க்காததுமாக இருந்துவிட்டாள்.