புகைக்கு மட்டும் திறக்கும் கதவு

கோபப்படாமல் சொல் என்றால் என்னால் இதைச் சொல்லவே முடியாது.

அண்ணனின் இடது காலை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார் டாக்டரம்மா. சுண்டுவிரல் கறுத்துப்போயிருந்தது. "ரத்தக்குழாய் சுருங்கிட்டே வருது. இந்த விரல் போயாச்சுன்னே வெச்சுக்கோங்க. சிகரெட்டை விட்டா பாதம் மிஞ்சும். விடலைன்னா முழங்காலுக்குக் கூட நான் உத்தரவாதம் தர மாட்டேன்" என்றார். அண்ணி அழுதாள். அண்ணன் தரையைப் பார்த்து நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான்.

ஆஸ்பத்திரி வாசலைக்கூடத் தாண்டவில்லை, கை சட்டைப் பைக்குள் போய்விட்டது. வாயில் வைத்ததைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன்.

"உனக்கு வெட்கமே கிடையாதா அண்ணா? கால் போயிடும்ணா, கால்!"

"இதுதான் கடைசி, பாப்பா."

அவன் பிடித்த கடைசி சிகரெட்டுகளை அடுக்கினால் ஒரு சுவரே கட்டலாம்.

வீட்டில் ஆளாளுக்கு வைத்தியம் பார்த்தோம். அண்ணி அவன் கையை மகள் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். தீப்பெட்டியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்தாள். நான் பெப்பர்மின்ட் வாங்கிக் கொடுத்தேன். அதைச் சப்பிக்கொண்டே புகை விட்டான். அண்ணியின் பெரியப்பா தினமும் போன் போட்டு, "மனசு வெச்சா முடியாதது என்ன இருக்கு மாப்ளே? நான் ஒரே ராத்திரியில விட்டவன்" என்று உபதேசம் பண்ணினார். அவர் வாழ்நாளில் கல்யாண வீடுகளில் மட்டும்தான், அதுவும் ஓசியில், பிடித்தவர். விடுவதற்கு அவரிடம் என்ன இருந்தது?

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் அவ்வளவாகத் தொடுவதில்லை. மொட்டை மாடிக்குப் போய் ஒன்று பிடிப்பான், அதையும் பாதியில் அணைத்துவிட்டு வந்துவிடுவான். திங்கட்கிழமை வேலைக்குப் போனால் போதும், ஒன்றன்பின் ஒன்றாக ஊதித் தள்ளுவான். வீட்டில் முடிகிறவனுக்கு அங்கே மட்டும் ஏன் முடியாது? திமிர் என்றுதான் நினைத்தேன்.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது ஒரு பெரிய லாண்டரியில். ஆஸ்பத்திரிகள், லாட்ஜுகளின் விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். நான் மடிப்பு மேசையில் மற்றப் பெண்களோடு. துணி காயவைக்கும் டிரையர்களைப் பார்ப்பது டிரையர்காரர். அண்ணன் ஸ்டீம் பிரஸ்ஸில். ஈர விரிப்பைப் பரப்பி, ஆளகல மூடியை இறக்கி அழுத்தினால் நீராவி சீறிக்கொண்டு முகத்தில் அடிக்கும். மூடியைத் தூக்கு, விரிப்பை உருவு, அடுத்ததைப் பரப்பு. நாள் முழுக்க இதுதான். வெள்ளைத் துணியில் தூசி படியும் என்று ஜன்னல்களை ஆணி அடித்து மூடிவிட்டார்கள். வெளிக்காற்று என்றால் பின்பக்கம் ஒரே ஒரு கதவு. எப்போதோ ஒரு மூட்டை துண்டு அந்த வழியாகக் காணாமல் போனதால் அதற்கும் பூட்டு. சாவி சூப்பர்வைசர் இடுப்பில்.

ஆனால் சிகரெட் பிடிப்பவர்களுக்கு மட்டும் அது திறக்கும். உள்ளே எங்கே பார்த்தாலும் பஞ்சு பறக்கிறது, ஒரு பொறி பட்டால் கதை முடிந்தது. அதனால் ஊதுகிறவர்கள் வெளியே போய் ஊதிவிட்டு வரலாம் என்று முதலாளி அனுமதித்திருந்தார். வாயைத் திறந்து கேட்கக்கூட வேண்டாம். இரண்டு விரலை உதட்டருகே கொண்டுபோனால் போதும், சூப்பர்வைசர் சாவியை எடுப்பார். பிடிக்காதவர்களுக்கு வெளியே என்ன வேலை? தண்ணீர் மெஷின் பக்கத்திலேயே இருக்கிறது, கழிவறை உள்ளேயே இருக்கிறது. இத்தனை வருஷமாக மடிப்பு மேசைப் பெண்கள் ஒருத்தியும் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றியதில்லை.

எந்த வைத்தியமும் பலிக்காமல் அண்ணி ஒருநாள் லாண்டரிக்கே வந்துவிட்டாள். சூப்பர்வைசர் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டாள். "சார், இந்தப் புகையால அவர் காலே போயிடும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. உங்களுக்குப் புண்ணியமா போகும். அவரை மட்டும் பின்னாடி விடாதீங்க. அவரே வந்து கெஞ்சினாலும் விடாதீங்க."

கரும்பு தின்னக் கூலியா வேண்டும் அந்த மனுஷனுக்கு? "கவலைப்படாதேம்மா. நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி பாத்துக்கறேன்" என்றார். அன்றிலிருந்து அண்ணன் இரண்டு விரலைக் காட்டினால் அவர் தன் முழங்காலைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார். பிரஸ் நிற்காமல் ஓடியது. அண்ணி நிம்மதியாகத் தூங்கினாள். நானும்தான்.

அந்த வாரக் கடைசியில் விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு டிரையர்களுக்குப் பின்னால் போனேன். அங்கே பஞ்சு வடிகட்டிகளைச் சுத்தம் செய்ய ஒரு சந்து உண்டு, ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். சுவரெல்லாம் பஞ்சு அப்பிக் கிடக்கும். அதற்குள் அண்ணன் குந்தியிருந்தான். கைக்குள் மறைத்த சிகரெட் கனன்றுகொண்டிருந்தது.

அவனைச் சுற்றி அப்பியிருந்த பஞ்சைப் பார்த்தேன். அடுத்த நொடி கண்மண் தெரியாத கோபம். விரிப்பு வண்டியில் இருந்த ஈரத்துண்டை எடுத்து அவன் கையோடு சேர்த்து அழுத்தினேன். சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

"உன் கால் போறது பத்தாதுன்னு எங்களையும் கொளுத்தப் பாக்கறியா? நீயெல்லாம் ஒரு மனுஷனா? பெத்த பொண்ணு தலையில அடிச்சு சத்தியம் பண்ணியே!"

டிரையர்கள் ஓடும் சத்தத்தையும் மீறி எல்லோருக்கும் கேட்டது. அண்ணன் என்னிடம் குரல் உயர்த்திப் பேசியதே இல்லை. அன்று கத்தினான்.

"எனக்கு இந்தச் சனியன் வேணாம்டி! எனக்கு அந்தக் கதவு வேணும்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரல் இறங்கியது.

"நான் இங்க சேர்ந்தப்ப சிகரெட்டைத் தொட்டதே கிடையாது, தெரியுமா? மூடியை இறக்கி இறக்கிக் கண்ணு இருட்டிட்டு வரும். டிரையர்காரர் ரெண்டு விரலைக் காட்டுவாரு, கதவு திறக்கும். ஒரு காத்து வரும் பாரு. ஒருநாள் நானும் காட்டினேன். காட்டிட்டுப் போய் சும்மா நிக்க முடியுமா? அவரே ஒண்ணு கொடுத்தாரு. இருமி இருமிக் குடிச்சேன். அப்புறம் காத்துக்காகப் போறேனா, இதுக்காகப் போறேனான்னு எனக்கே தெரியாம போச்சு. இப்ப கதவையும் மூடிட்டீங்க. இது மட்டும்தான் மிச்சம் இருக்கு."

டிரையர்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

என் கோபம் தணிந்தது என்று நினைக்காதீர்கள். அது திசை மாறியது, அவ்வளவுதான். மன உறுதி, மன உறுதி என்று எத்தனை பேர் அவனைப் பிடுங்கித் தின்றோம். நெருப்புக்கு முன்னால் ஒருத்தனை நிற்கவைத்து, மூச்சுவிட ஒரே ஒரு வழியைக் காட்டி, அதற்குக் கூலியாக நுரையீரலைக் கொடு என்று கேட்கிற இடத்தில் நின்றுகொண்டு, அவனைப் போய்த் திமிர் பிடித்தவன் என்று நினைத்தேனே.

நேராக சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். இரண்டு விரலை உதட்டருகே கொண்டுபோனேன்.

அவர் சிரித்தார். "என்னம்மா, நீயும் தம் அடிக்க ஆரம்பிச்சிட்டியா?"

"இல்ல. கதவைத் திறங்க."

"அது பிடிக்கறவங்களுக்குத்தான். முதலாளி போட்ட ரூல்."

"புகை விடறவனுக்குத் திறக்கும், மூச்சு விடறவனுக்குத் திறக்காதா? நல்லா இருக்கு சார் உங்க ரூல். உடம்பைக் கெடுத்துக்கிட்டா ஓய்வு தருவீங்க, கெடுத்துக்காம இருந்தா நின்னே சாகணும். அப்படித்தானே?"

"குரலை உயர்த்தாத. முதலாளி மேல இருக்காரு."

"அவருக்கும் கேக்கட்டும்."

எனக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. மடிப்பு மேசையில் எல்லோரையும் விட மூத்த அக்கா, முட்டி வலியோடு எந்நேரமும் முனகுகிறவள், இரண்டு விரலை உதட்டருகே வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் இன்னொருத்தி. பிறகு மேசை முழுக்க. சூப்பர்வைசர் மாடிப்படியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே பூட்டைத் திறந்தார்.

வெளியே ஒன்றுமில்லை. ஒரு மதில், காலி டிரம்கள், கொஞ்சம் வானம். அதற்கே அந்த அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்களோடு வெளியே வந்த அண்ணனை, டிரையர்காரர் புகைக்க நிற்கும் மூலையிலிருந்து இழுத்துக்கொண்டு எதிர் மூலைக்குப் போனேன். அவன் கையும் வாயும் பரபரத்தன. மறுநாளிலிருந்து ஒரு பொட்டலம் ஓட்டோடு வறுத்த வேர்க்கடலை கொண்டுபோனேன். கதவு திறக்கும், அண்ணன் வருவான், விரல்கள் ஓடுகளை உடைக்கும், வாய் மெல்லும். "குரங்காட்டம் இருக்கு" என்று எரிந்து விழுவான். "இருந்துட்டுப் போ" என்பேன்.

எல்லாம் ஒரே மூச்சில் சரியாகிவிடவில்லை. ஆஸ்பத்திரியில் கறுத்த விரலை எடுத்துவிட்டு வந்த புதிதில், கட்டுப் போட்ட காலோடு டிரையர்காரரிடம் வாங்கி ஒரு இழுப்பு இழுத்தான். நான் அவரையும் சேர்த்துத் திட்டிய திட்டில் அவர் அன்றோடு வேறு நேரத்தில் வெளியே போகத் தொடங்கினார். அண்ணன் அடுத்த இடைவேளைக்குத் தலையைக் குனிந்துகொண்டு என் மூலைக்கு வந்து கையை நீட்டினான். கடலையைக் கொடுத்தேன். சொல்ல வந்ததை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போன மாதம் டாக்டரம்மா பாதத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, சூடு திரும்பியிருக்கிறது, இப்படியே இருந்தால் தப்பிக்கும் என்றார். அண்ணி அங்கேயும் அழுதாள்.

இந்த வாரம் இரண்டாவது பிரஸ்ஸுக்குப் புது ஆள் வந்தான். மீசை நரைத்த, வாய் பேசாத மனுஷன். மதியத்துக்குள் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. அண்ணன் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டான்: "ஒரு சிகரெட் இருந்தா கொடுங்களேன். எனக்குப் பழக்கமில்ல. அது இருந்தாத்தான் வெளிய விடுவாங்களாமே."

அண்ணன் மூடியைத் தூக்கி நிறுத்தினான். அவன் தோளில் கைபோட்டு, நொண்டி நொண்டிக் கதவுவரை கூட்டிக்கொண்டு போனான். நானும் மேசையை விட்டு எழுந்து போனேன்.

"புது ஆளுக்கெல்லாம் கிடையாது" என்றார் சூப்பர்வைசர். "உங்களுக்கு விட்டுக்கொடுத்ததே பெரிசு. இவன் சிகரெட் பிடிக்கறவனா?"

அண்ணன் குனிந்து இடது செருப்பைக் கழற்றினான். சுண்டுவிரல் இருந்த இடத்தில் தையல் தழும்பு. அந்தக் காலைத் தூக்கி, விரிப்பு மூட்டையின் மேல், அவர் கண்ணெதிரே வைத்தான்.

"இந்தக் கதவுக்கு நான் ஒரு விரல் கொடுத்திருக்கேன் சார். அதுல இவனையும் சேத்துக்கோங்க."

அவர் காலைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.