மினுக்கம் பூசிய உப்பு

எங்கள் ஊருக்கு நெத்திலியை உப்பில் போடத் தெரியும், வேறெதுவும் தெரியாது என்பான் என் தம்பி ஃபெரியோல் காஸ்தான். பாவம், ஊரைக் குறைத்து எடைபோட்டுவிட்டான். ஒருவனை உயிரோடு இருக்கும்போது அவமானப்படுத்தவும், செத்த பிறகு கௌரவிக்கிறேன் பேர்வழி என்று மறுபடி அவமானப்படுத்தவும்கூட இந்த ஊருக்குத் தெரியும்.

எங்கள் வீட்டு உப்புத் தொட்டியைத்தான் அவன் வரைந்தான். தொட்டி மேலிருந்து பார்த்த மாதிரி, உள்ளே கிடக்கும் மீன் பக்கத்திலிருந்து பார்த்த மாதிரி, உப்பு அள்ளும் என் கை மட்டும் மூன்று தடவை. எல்லாம் ஒரே படத்தில். அப்போது பாரிஸில் யாரும் அப்படி வரையவில்லை. பிறகு எல்லோரும் வரைந்தார்கள். சாயத்திலிருந்து எண்ணெயை வடித்துவிட்டுச் சுண்ணக்கட்டித் தூளைச் சேர்ப்பான். அதனால் அவன் வரைந்த உப்பு காய்ந்த உப்பாகவே இருந்தது. நாற்பது வருஷம் உப்பு அள்ளியவள் சொல்கிறேன், அந்த வெள்ளை பொய் சொல்லாது.

பாரிஸில் கண்காட்சிக்கு முந்தின நாள் ஓவியர்கள் ஏணி போட்டு ஏறித் தங்கள் படங்களுக்கு வார்னிஷ் அடிப்பது வழக்கம். இவன் மட்டும் வெறுங்கையோடு போய், படத்துக்குக் கீழே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தானாம். ஏன்டா என்று கேட்டேன்.

"மினுங்குச்சுன்னா பாக்குறவன் படத்தைப் பாக்க மாட்டான்க்கா. அதுல தன் மூஞ்சியத்தான் பாப்பான்."

படத்தின் பின்பக்கம் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தான்: வார்னிஷ் பூசக் கூடாது.

முப்பது வருஷத்துக்கு முன் அந்தப் படத்தை ஊர்க் காபிக் கடையில் மாட்டினான். பீப்பாய்ப் பட்டறைக்காரர் மகன் தல்மாஸ், கையில் சோம்புச் சாராயத்தோடு முன்னால் வந்து நின்றான்.

"டேய் சுண்ணாம்புச் சட்டி, உன் படத்தைப் பாத்தா எனக்குத் தொண்டை வறளுது. இந்தா, அதுக்கும் ஒரு வாய் குடு."

சொல்லிவிட்டு டம்ளரில் இருந்ததை அப்படியே படத்தின் மேல் ஊற்றினான். கடையே சிரித்தது. தம்பி படத்தைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஈரத் துணியால் துடைத்து, ரொட்டியின் மெத்தென்ற நடுப்பாகத்தால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். தடம் தெரியவில்லை. படத்தை என்னிடமே விட்டுவிட்டு மறு வாரம் பாரிஸ் போனவன் திரும்பவேயில்லை. ஏழு வருஷத்துக்கு முன் அங்கேயே நெஞ்சு நோயில் போய்ச் சேர்ந்தான்.

இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வந்து காஸ்தான் வீடு எது என்று கேட்கிறார்கள். உடனே ஊருக்கு ஞானம் பிறந்துவிட்டது. மேயர் என் வீட்டு வாசலுக்கே வந்தார். மேயர் யார்? அதே தல்மாஸ்தான். நகர மன்றத்தில் காஸ்தான் கூடமாம், திறந்துவைக்க அமைச்சராம், அந்தப் படம் வேண்டுமாம். கதவை அவர் மூக்கில் சாத்தியிருக்க வேண்டும். சாத்தவில்லை. எனக்கும் ஒரு அற்ப ஆசை. அதே படத்தின் முன்னால் இந்த ஆள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட வேண்டும்.

"ஒரே ஒரு நிபந்தனை. பின்னாடி எழுதியிருக்கு, படிங்க," என்றேன்.

"படிக்காம இருப்பமா மதாம்?" என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

திறப்பு விழா அன்று காலை மாடிப்படியிலேயே வார்னிஷ் நாற்றம் அடித்தது. ஓடினேன், தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவள் மாதிரி. பள்ளிக்கூடத்து ஓவிய வாத்தியார் தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். படம் கண்ணாடியாக மினுங்கியது. உப்பு மஞ்சளடித்து நனைந்து கிடந்தது. உப்பு நனைந்தால் அந்த வருஷத்து மீன் அத்தனையும் போச்சு என்று எங்கள் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். படித்த வாத்தியாருக்குத் தெரியவில்லை.

"துடைங்க," என்றேன்.

"முடியாது மதாம். சுண்ணம் குடிச்சிருச்சு. இனிமே வராது."

பின்னாலேயே மேயர் வந்தார். "வறண்டு போய்க் கெடந்துச்சு மதாம், பாவம். நான்தான் ரெண்டு பூச்சா பூசச் சொன்னேன். இப்பப் பாருங்க, உசுரு வந்துருச்சு."

"பின்னாடி எழுதியிருந்ததைப் படிச்சீங்களா?"

"படிச்சேனே. ஆனா அமைச்சர் படத்துக்கு முன்னாடிதான நிக்கப் போறாரு, பின்னாடியா?"

எனக்கு அழுகை வரவில்லை. இந்த ஆளையும் தொட்டியில் போட்டு, மீனுக்கு வைக்கிற மாதிரி மேலே ஒரு பாறாங்கல்லை வைக்க வேண்டும் போலிருந்தது. அதைவிட ஆத்திரம் என் மேல்தான். தம்பியின் பேச்சைவிட இவருடைய தொப்பி எனக்குப் பெரிதாகிவிட்டதே.

சாயங்காலம் அமைச்சர் வந்தார், வாத்தியம் வாசித்தார்கள். ஓவியரின் அக்கா இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று என்னை எழுப்பிவிட்டார்கள்.

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி நம்ம மேயர் இந்தப் படத்து மேல சாராயத்தை ஊத்தினாரு. அதை நான் தொடச்சிட்டேன். இன்னைக்கு அவர் ஊத்தினதைத் தொடைக்க முடியல," என்றேன்.

நல்ல வேடிக்கை என்று கூடம் சிரித்தது. அமைச்சர் கை தட்டினார். மேயர் சிரிக்கவில்லை, காதில் விழுந்தால்தானே. படத்துக்கு நேராகத் திரும்பி நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, உப்பு இருந்த இடத்தில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.